மதுரை இங்க் கடையில் பார்த்த அண்ணனுக்கு நன்றி

அம்மா நகையை அடகு வைத்து ஆறடி அகலத்துக்கு பேனர் அச்சடிக்கும் எக்கோ சால்வென்ட் பிரிண்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். திருமங்கலத்தில் என் கடையில் இறக்கி, மை வரும் துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக் போட்டால் கறுப்பில் பாதிக் கோடு இல்லை. மையைத் தெளிக்கும் ஹெட் போச்சு என்றார்கள். புது ஹெட் விலையைக் கேட்டு அழுகையே வந்துவிட்டது.

மதுரை இங்க் கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் டேம்பர் (ஹெட்டுக்குப் போகும் மையை வடிகட்டும் சின்னப் பெட்டி) வாங்க நின்றீர்களே அண்ணா, நீங்களாகவே திரும்பி, "ஹெட்ல கை வைக்காதீங்க தம்பி, முதல்ல கேப்பைப் பாருங்க" என்றீர்கள். அதோடு விடாமல் என் பைக்கிலேயே திருமங்கலத்தில் என் கடை வரை வந்தீர்கள். கேப் என்பது அச்சடிக்காதபோது ஹெட்டை மூடி நிற்கும் மூடி. அதன் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை தார் மாதிரி ஒட்டியிருந்தது. ஹெட்டோடு கேப் பொருந்தவே இல்லை, பிறகு பம்ப் எப்படி மையை இழுக்கும்? அடைப்பை எடுக்க ஹெட்டில் சிரிஞ்சை வைத்து அழுத்தப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். விளிம்பைத் துடைத்து, கேப்பில் கிளீனிங் திரவம் நிரப்பி, ராத்திரி முழுக்க ஹெட்டை ஊறவிடச் சொன்னீர்கள். கறுப்பு டேம்பரையும் மாற்றினீர்கள். அது உங்கள் மெஷினுக்கென்று வாங்கியது! காசும் வாங்கவில்லை.

காலையில் கறுப்பில் ஒரு கோடுகூட விடுபடவில்லை அண்ணா. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பதற்றத்தில் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. இதைப் பார்த்தால் ஒருமுறை கடைக்கு வாருங்கள். உங்கள் டேம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.