மறைக்காமல் சொல்லும் விவசாயிக்கு முழு விலை கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பரில் பிரான்சில் மாட்டுப் பண்ணையாளர்கள் டிராக்டர்களைக் கொண்டுவந்து சாலைகளை மறித்தார்கள். மந்தையில் ஒரு மாட்டுக்குத் தோல் கழலை நோய் வந்தாலும் மொத்த மந்தையையும் கொல்ல வேண்டும் என்ற விதியை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். அதைப் பற்றித் தேக்கா உணவங்காடியில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "அரசாங்கம்தான் காசு கொடுக்குதே, அப்புறம் என்ன? நம்ம கடையில சரக்கு கெட்டுப்போனா யாராவது கொடுக்கிறாங்களா?" மேசையில் இருந்த பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

கெட்டுப்போன சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் வியாபாரி எறிந்துவிடுகிறார். மாடு விஷயம் வேறு. நோய்த் தடுப்புக்காகக் கொல்லப்படுபவற்றில் ஏராளமானவை நல்ல ஆரோக்கியத்தோடு நிற்கும் மாடுகள். 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். பக்கத்துப் பண்ணையில் நோய் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் செத்தவை அவற்றில் மிகப் பல. இத்தனைக்கும் கோமாரி வந்த பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வாயிலும் குளம்பிலும் புண் வந்து, பால் வற்றி, மெலிந்து, மெதுவாகத் தேறும். நம் ஊர்ப்பக்கம் மாடு வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். பிழைக்கக்கூடிய மாட்டை நாட்டின் நன்மைக்காகக் கொடு என்று அரசு கேட்கிறது. எம்ஆர்டி ரயில் பாதைக்காக நிலம் எடுப்பதும் இதே வகைதான். சிங்கப்பூரில் 2007 முதல் அப்படி எடுக்கும் நிலத்துக்குச் சந்தை விலை தருவது சட்டம். நிலத்துக்கு நியாயமாகப் படுவது மாட்டுக்கு மட்டும் ஏன் தருமமாகத் தெரிகிறது?

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நோயை முதலில் கண்டுபிடிப்பது எந்த அரசு அதிகாரியும் இல்லை. விடியற்காலையில் கறக்கப் போகும் விவசாயிதான். மாடு தீனியைத் தொடவில்லை, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகுகிறது, காலை உதறிக்கொண்டே நிற்கிறது. அந்த நேரத்தில் அவர் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யலாம். இல்லை, தரகருக்குப் போன் செய்து, மற்ற மாடுகள் படுப்பதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். நோய் ஒரு தொழுவத்தோடு நிற்குமா, ஐந்து மாவட்டத்துக்குப் போகுமா என்பது அந்த ஒரு போனில் இருக்கிறது. 2001இல் எசெக்ஸில் இருக்கும் ஓர் இறைச்சிக்கூடத்தில் பிப்ரவரி 20ஆம் தேதி நோய் உறுதியானது. அதற்குள் நோயுற்ற ஆடுகள் வட இங்கிலாந்தின் ஹெக்சம், லாங்டவுன் சந்தைகள் வழியாக நாடு முழுக்கப் போய்விட்டிருந்தன.

பைத்தியமாட்டு நோய் வந்தபோது பிரிட்டிஷ் அரசு கொடுத்ததைப் பாருங்கள். 1988 ஆகஸ்டில் நோய் கண்ட மாடுகளைக் கொல்ல உத்தரவிட்டபோது, நோய் உறுதியானால் மாட்டின் மதிப்பில் பாதிதான் இழப்பீடு என்று வைத்தார்கள். பாதி விலைக்கு யார் வந்து சொல்வார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1990 பிப்ரவரியில்தான் முழு மதிப்பு என்று மாற்றினார்கள். அந்த ஒன்றரை ஆண்டில் சந்தைக்குப் போயிருக்கக்கூடிய மாடுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மாட்டிலிருந்து மனிதருக்கு வந்த அந்த மூளை நோயால் பிரிட்டனில் 178 பேர் இறந்திருக்கிறார்கள். அரைக்காசு மிச்சம் பிடிக்கக்கூடிய இடமா அது?

சரி, முழு விலை என்றால் எது முழு விலை? புதுக்கோட்டைப் பக்கம் என் மாமா மாடு வைத்திருக்கிறார். அவரோடு ஒருமுறை சந்தைக்குப் போயிருக்கிறேன். வாங்க வந்தவரும் தரகரும் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், மடியைத் தடவினார்கள், நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்த்தார்கள், எத்தனையாவது ஈத்து, இப்போது எத்தனை மாதச் சினை என்று கேட்டார்கள். அப்புறம் ஒரு துண்டுக்குள் இருவரும் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடித்தார்கள். அதே வயதுள்ள, அதே நிறமுள்ள அடுத்த மாடு வேறு விலைக்குப் போனது.

இங்கிலாந்தில் காசநோய்க்காகக் கொல்லப்படும் மாட்டுக்கு இப்படி விலை பார்ப்பதில்லை. மாடுகளை வயது, பாலினம், கறவையா இறைச்சியா, வம்சாவளிப் பதிவு உண்டா என்று வகை பிரித்து, சந்தையில் அந்த வகைக்கு வந்த சராசரி விலையை அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். தகராறு இல்லை, வேகமாக முடிகிறது, மதிப்பீட்டாளரைக் கையில் போட்டுக்கொண்டு விலையை ஏற்றவும் முடியாது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் மந்தையிலேயே அதிகமாகக் கறக்கும் மாட்டை இழந்தவருக்குச் சராசரி விலைதான் கிடைக்கிறது. வேல்ஸில் ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாக மதிப்பிடும் முறை இருந்துவருகிறது. என்னைக் கேட்டால் அட்டவணை விலையைக் குறைந்தபட்சமாக வைத்து, பால் கணக்கு எழுதி வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் கொடுக்க வேண்டும். கணக்கு எழுதும் பழக்கமும் பரவும்.

அந்தக் காசநோய்ப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாட்டின் கழுத்தில் இரண்டு இடங்களில் மயிரை மழிப்பார்கள். தோலின் தடிமனை அளந்துவிட்டு, மேலே உள்ள இடத்தில் பறவைக் காசநோய்க் கிருமியின் புரதமும் கீழே உள்ள இடத்தில் மாட்டுக் காசநோய்க் கிருமியின் புரதமும் ஊசியில் ஏற்றுவார்கள். 72 மணி நேரம் கழித்து மருத்துவர் வந்து திரும்ப அளப்பார். கீழே வீங்கியிருப்பது மேலே இருப்பதைவிட இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் மாடு போக வேண்டியதுதான். நடுவில் உள்ள அந்த மூன்று நாளும் விவசாயி வேளாவேளைக்குக் கறக்கிறார், கறக்கும்போதெல்லாம் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார். இதற்கு எந்த அட்டவணையிலும் விலை இல்லை, இருக்கவும் முடியாது. அதனால்தான் விலை போடக்கூடியதையாவது குறைக்காமல் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

மாட்டின் விலையைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பதும் தவறு. தொழுவத்தைக் கழுவிக் கிருமி நீக்கி, அனுமதி வந்து, புது மாடு வாங்கி, அது பழகிப் பால் சரியாக வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வங்கித் தவணை மட்டும் மாதாமாதம் வரும். பிரிட்டனில் அந்தக் காலி மாதங்களுக்கு அரசு இழப்பீடு தருவதில்லை. நியூசிலாந்து இதில் மேல். அங்கே 2017 ஜூலையில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய் தெரியவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அதை அடியோடு ஒழிக்க முடிவெடுத்தார்கள். 1,80,000க்கும் அதிகமான மாடுகள் கொல்லப்பட்டன. கொன்ற மாட்டின் விலையோடு, கணக்குக் காட்டக்கூடிய பால் வருமான இழப்பையும் தருவதற்கு அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. செலவில் 32 விழுக்காட்டைப் பால், இறைச்சித் துறையினரே ஏற்றார்கள். பணம் வர வெகுகாலம் ஆகிறது, படிவம் நிரப்பியே ஓய்ந்துபோகிறோம் என்று விவசாயிகள் கடுமையாகக் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானது. தாமதமாக வரும் முழு விலையை நம்பி யாரும் முதல் நாளே போனை எடுக்க மாட்டார்கள்.

தாராளமாகக் கொடுத்தால் அலட்சியம் வளரும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வழி எல்லாருக்கும் குறைப்பது இல்லை, விதியை மீறியவருக்குக் குறைப்பது. பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர், தடை இருக்கும்போது வெளி மாட்டை உள்ளே கொண்டுவந்தவர் ஆகியோருக்கு இங்கிலாந்தில் தொகை குறைகிறது. மாடு எங்கிருந்து எங்கே போனது என்று பதிவு செய்யாதவருக்கு நியூசிலாந்தில் கைக்கு எதுவும் வராமலே போகலாம். அது போதும்.

இதெல்லாம் சிங்கப்பூருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பெலிலியோஸ் சாலைக்கு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர், அதற்குப் பக்கத்திலேயே எருமைச் சாலை. இன்றைக்கு மாட்டை நம்மில் பலரும் பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் கொண்டுவந்து கட்டும்போதுதான் பார்க்கிறோம். ஆனால் நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மலேசியாவில் நிப்பா வைரஸ் பரவிய 1999இல் அங்கிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட நம் இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேருக்குத் தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். 2023 ஏப்ரலில் இந்தோனீசியாவின் பூலான் தீவிலிருந்து வந்த பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தெரிந்ததும், நம் பன்றி இறைச்சி வரத்தில் சுமார் 15 விழுக்காடு சட்டென்று நின்றது.

2022இல் இந்தோனீசியாவுக்குக் கோமாரி திரும்ப வந்தது. அதற்கு முன் முப்பது ஆண்டுக்கு மேல் அந்த நாட்டில் அது கிடையாது. கொல்லப்படும் மாடு ஒன்றுக்கு 1 கோடி ரூப்பியா வரை தருவோம் என்று அரசு அறிவித்தது. கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் நல்ல கறவை மாட்டின் விலை அதைவிட அதிகம். இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் ஒரு ஜாவா விவசாயி அந்த மீதியைத் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. அவர் மறைத்தால் அதன் பலன் படகேறி இங்கேயும் வரும்.

அதனால் என் யோசனை இது. இறக்குமதியாகும் இறைச்சி, பாலுக்குக் கிலோவுக்கு ஒரு காசு, இரண்டு காசு என்று ஒதுக்கி ஒரு நிதி வைக்கலாம். வட்டாரத்தில் நோய் வந்து சிறு விவசாயிகளின் கால்நடைகளைக் கொல்ல நேரும்போது, அவர்கள் அரசு தரும் தொகையோடு இதிலிருந்தும் சேர்த்து, மாட்டைக் கொன்ற சில வாரங்களுக்குள் கைக்குக் கிடைக்கச் செய்யலாம். இதை ஆசியான் வேளாண் அமைச்சர்களின் கூட்டத்தில் சிங்கப்பூர் முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இறைச்சி, பால் இறக்குமதித் தொழிலில் இருக்கும் வாசகர்கள் யாராவது, கிலோவுக்கு இரண்டு காசு என்பது நடைமுறையில் தாங்குமா, அதை எந்தக் கட்டத்தில் வசூலிப்பது சுலபம் என்று இதே பகுதியில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஈசூன்