உன் வழுக்கியைத் திருப்பித் தர வருகிறேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை ஆய்வுகூடத்து மரப்பெட்டியிலிருந்து உன் வழுக்கியை, உன் குருதி பூசிய அந்தக் கண்ணாடித் துண்டை, எடுத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் அதற்கு 14ஆம் இலக்கம். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்க வந்த ஒவ்வொரு தொகுதி மாணவரும் ஒன்பது ஆண்டுகளாக அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, படம் வரைந்து, செயன்முறைப் பரீட்சையில் அதற்கு விடை எழுதியிருக்கிறார்கள். யாருடைய குருதி என்று அவர்களுக்குத் தெரியாது. அது அங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதவில்லை. நம் லயத்துப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள், என்னோடு வேலை செய்கிறவர்களும் வாசிப்பார்கள். அப்பாவைப் பற்றியும் இங்கே பேசப்போவதில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குருதியை நுணுக்குக்காட்டியில் காட்ட வந்த அந்த நாளில் எனக்கு மறக்காமல் இருப்பது உன் விரல்தான். கினிகத்தேனை வளைவுகளில் நுணுக்குக்காட்டியை மடியில் வைத்துக் காத்துக்கொண்டு வந்திறங்கிய எனக்கு, குத்திக்கொள்ள ஒரு பிள்ளைகூட விரல் நீட்டாதது பெரிய ஏமாற்றமாக இருந்தது. மத்தியான நிறுவை முடிந்து, தலைக்கயிற்றோடு கூடையை வாசலில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க வந்த நீதான் "என்னோடதை எடு" என்றாய். கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்த அந்தத் தோலில் ஊசி முதல் தடவை இறங்கவில்லை. இரண்டாம் தடவை அழுத்திக் குத்தினேன். நீ முகம் சுளிக்கவில்லை. கையடக்கக் கருவியில் 7.4 என்று வந்ததும், விரிவுரை மண்டபத்தில் பேசுகிற அதே குரலில், பெண்களுக்கு ஈமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது, 8க்கும் கீழே போனால் அது கடும் குருதிச்சோகை என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். மூன்றாவது வாங்கில் இருந்த உன் மகள், சின்னவள், தலையைக் குனிந்துகொண்டாள். அதை நீ பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை.

நீ கூடையை எடுத்துக்கொண்டு போன பிறகு, மேசையில் வழுக்கியில் காய்ந்துகொண்டிருந்த உன் குருதிப் பூச்சை வீசிவிட மனம் வராமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். மறுநாள் குருதிக் கலங்களை நிறமாக்கிக் காட்டும் லீஷ்மன் சாயம் ஊற்றிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவாக நான் அதுவரை கண்டதில்லை, அக்கா. செங்குழியங்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையமாகச் சிவந்திருந்தன. இடையிடையே பென்சில் போல நீண்ட கலங்கள். உன் வழுக்கியையும், தாலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் காவி ஒருவரின் வழுக்கியையும் அருகருகே வைத்து, இரண்டும் கண்ணுக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் காரணம் வேறு, ஆகவே உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள் என்று படிப்பித்தேன். அதை ஒழுங்காகக் கற்றவர்கள் இன்று எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். இது நியாயம் சொல்வது போல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உண்மையும் அதுதான்.

என் ஆய்வுகளுக்குக் குருதி தரும் ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லி, சம்மதக் கையொப்பம் வாங்கி, ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும் பெறுகிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின், பாதத் தோல் வழியே நுழைந்து குடலில் குருதி உறிஞ்சும் கொழுக்கிப்புழுவின் ஒழிப்பு வேலை இலங்கைத் தோட்டங்களுக்கு வந்ததைப் பற்றி வகுப்பெடுக்கும்போதெல்லாம், வெறுங்காலோடு மலை ஏறிய நம் பாட்டன் பாட்டிமாரைப் பெயரில்லாமல் எண்ணிக்கையாக மட்டும் எழுதி வைத்தார்கள் என்று நான் கோபமாகப் பேசுவது வழக்கம். அதே கையால் உன்னை 14 ஆக்கினேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் கேட்க மாட்டேன். மாமா வீட்டுக் கல்யாணத்தில், உன் படிப்பைத் தின்றுதான் நான் லெக்சரர் ஆனேன் என்று பலர் முன்னிலையில் சொன்னாயாம். நீ தோட்டத்து வேலைக்குப் பெயர் பதியப் போன அன்று எனக்குப் பதினொரு வயது. உன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கச் சொன்னது நானில்லை. சின்னவள் உயர்தரத்தில் உயிரியல் எடுக்காமல் போனதும் என்னால்தான் என்கிறாய். அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்கு ஆசிரியரே இல்லாதபோது அவள் எதை எடுத்திருப்பாள்? நான் எழுதிக் கொடுத்தனுப்பிய இரும்புச்சத்து மாத்திரையை நீ தேத்தண்ணியோடு விழுங்கினாய். தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? என்மேல் இருந்த கோபத்தை உன் உடம்பின்மேல் காட்டினாய். அதை எண்ணினால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

குளிருக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, மழை நாட்களில் என் புத்தகப் பையை உன் கொழுந்துக் கூடைக்குள் வைத்துப் பள்ளிக்கூடம்வரை நனையாமல் கொண்டுவந்து விடுவாயே, அதையும் இந்த ஆத்திரத்துக்கு நடுவில்தான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாருடைய விரலையும் நான் குத்தியதில்லை. வெங்காயத் தோலும் ஓடைத் தண்ணீரும் கொண்டுபோகிறேன். பிள்ளைகள் அதற்கும் வரிசையில் நிற்கிறார்கள். 14ஆம் இடத்துக்குச் சம்மதத்தோடு பெற்ற வேறொரு வழுக்கி வந்துவிட்டது. அது உன்னுடையதைப் போலத் தெளிவாக இல்லை. மாணவர்கள் கொஞ்சம் சிரமப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வழுக்கியைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். சாயம் மங்கி இளஞ்சிவப்பாகிவிட்டது. வைத்துக்கொள்வதோ உடைத்துப் போடுவதோ உன் விருப்பம். உடைப்பதென்றால் வெறுங்கையால் உடைக்காதே, மெல்லிய கண்ணாடி, கீறிவிடும். கதவைத் திறக்க மனமில்லை என்றால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தடியில் பின்னேர பஸ் வரும்வரை இருப்பேன். சின்னவளையாவது அனுப்பு.

உன் தங்கச்சி