மூன்று வரிக்குள் ஒரு கிரகம்: போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் புனைவுக் குறுங்கவிதைப் போட்டி நடத்தும் இதழாசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு போட்டிக்கு இதை அனுப்பியிருந்தேன்:

செவ்வாயில் முதல் மழை.
'குடை' என்ற சொல்லை
அகராதியில் தேடுகிறாள் சிறுமி.

"அறிவியல் கட்டுரைப் பகுதிக்கு அனுப்பவும்" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்தது. தோற்றதில் வருத்தமில்லை. (சரி, கொஞ்சம் உண்டு.) பரிசு வாங்கிய கவிதையில் ஒரு ரோபோ தன் காதலியிடம் உருகியிருந்தது. அதே வரிகளை எதிர்வீட்டுப் பையன் சொல்லியிருந்தாலும் கவிதைக்கு ஒரு கீறலும் விழாது. என் கவிதையிலிருந்து செவ்வாயை எடுத்துப் பாருங்கள். மிஞ்சுவது மழைநாள் பள்ளிக்கூடம்தான். அறிவியல் புனைவு கவிதைக்குள் வேலை செய்கிறதா, வேடம் கட்டி நிற்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

உலகத்தையே விளக்க மூன்று வரி போதுமா என்று கேட்பீர்கள். குறுந்தொகை படித்தவர்கள் இதைக் கேட்கலாமா? பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. அதற்குள் புன்னை என்று ஒரு சொல் விழுந்தால் போதும், கடற்கரையும் உப்புக்காற்றும் காத்திருப்பவளின் ஏக்கமும் தாமாக வந்துவிடுகின்றன. ஒரு நிலத்துக்கே உரிய மரம், பறவை போன்ற கருப்பொருள் ஒன்றைக் காட்டி அந்த நிலத்தையே வரவழைக்கும் வித்தை அது. என் கவிதையிலும் அப்படித்தான்: குடை என்ற சொல்லே மறந்துபோகும் அளவுக்கு எத்தனை தலைமுறை மழையில்லாமல் கழிந்திருக்கும் என்று கணக்குப் போடுவது வாசகர் பாடு.

அமெரிக்காவில் சூசெட் ஹேடன் எல்ஜின் 1978-இல் தொடங்கிய அறிவியல் புனைவுக் கவிதைச் சங்கத்தின் ரைஸ்லிங் விருதில் முன்பு 49 வரி வரை எல்லாமே குறுங்கவிதைதான். அதனோடு மூன்று வரி எப்படி மல்லுக்கட்டும்? பத்து வரிக்குள் அடங்குபவற்றுக்கு 2006 முதல் 'ட்வார்ஃப் ஸ்டார்ஸ்' என்று தனி விருதே வைத்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டுக் கவிதைகளைத் தொகுத்து நூலாக உறுப்பினர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் வாக்குக் கேட்கிறார்கள். வீட்டில் வைத்து நிதானமாகப் படிக்கலாம்.

நம் ஊரில் முந்நூறு கவிதைகளை ஒரே மாலையில், டீயும் பக்கோடாவுமாகப் படித்து முடிக்கிறோம். அந்த வேகத்தில் கடைசி வரியில் வெடி போடுவதுதான் ஜெயிக்கும். ஒரு நாளைக்கு இருபது போதும். மறுநாள் காலை தாளைத் தொடாமல், எது நினைவில் நிற்கிறது என்று பாருங்கள். வெடி பெரும்பாலும் நமுத்துப் போயிருக்கும்.

இந்த ஆண்டும் அதே கவிதையை அனுப்பப் போகிறேன். கட்டுரைப் பகுதிக்கு அல்ல.

அன்புடன்,
தொடர்ந்து தோற்றுவரும் ஒரு வாசகி