முட்டி உள்ள வருது என்றார் வாத்தியார்

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. கராத்தே கிளாஸில் உனக்குப் பின்னால் சேர்ந்த பையனை கறுப்பு பெல்ட்டில் அடுத்த படியான இரண்டாம் டான் பரீட்சைக்கு அனுப்புகிறார்கள், உன்னை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள், இனிமேல் கிளாஸ் பக்கமே போகமாட்டேன் என்றாய். இந்தக் கோபத்தை உனக்குப் பழக்கிவிட்டவனே நான்தான் சாமி.

அம்மாபேட்டையில் பயிற்சி முடிந்து நீ வண்டியில் ஏறினதும் நான் கேட்கிற முதல் கேள்வி, அடுத்த பெல்ட் எப்போ. இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதாக ஞாபகமே இல்லை. மஞ்சள் பெல்ட் வாங்கின அன்றைக்குத் தட்டுவடை செட், பச்சைக்கும் அதேதான். நிறுத்தி வைத்த அன்றைக்கு நேராக வீடு.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பதினொன்றாவது படிக்கும்போது பிரவுன் பெல்ட்டிலேயே ஆறு மாசம் நிறுத்தி வைத்தார் இல்லையா, அப்போது நான் வாத்தியாரிடம் சண்டைக்கே போனேன். பீஸ் இரண்டு மடங்கு தருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். வேறொரு கிளாஸில் மூன்றே மாசத்தில் கறுப்பு பெல்ட் என்று சொல்லியிருந்தார்கள், அங்கே கட்ட வேண்டிய அட்வான்ஸ் அப்போது என் பையில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் என்னை ஓரமாக நிறுத்தி, "அவ கிபா டாச்சில நிக்கறதப் பாருங்க, முட்டி உள்ள வருது, இப்படியே விட்டா நாளைக்கு முட்டி போயிரும்ங்க" என்றார். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி நின்றிருந்தாய். இடது கால் சரியாக இருந்தது, வலது முட்டி மட்டும் பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சரிந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பணத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மாடி ஏறாமல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்த டான் கணக்கு ஒன்றும் அவ்வளவு பழசு இல்லை. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, கோ என்கிற பலகை ஆட்டத்தில் இருந்த முறையை எடுத்து, 1883-ல் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு ஷோடான், அதாவது முதல் டான், கொடுத்திருக்கிறார். கராத்தேயில், அதை ஜப்பானில் பரப்பிய ஃபுனகோஷி டான் கொடுக்க ஆரம்பித்தது 1924-ல்தான். வெள்ளை பெல்ட் அழுக்கேறிக் கறுப்பானது என்பதெல்லாம் கதை. ஷோ என்றால் தொடக்கமாம். நானோ உன் கறுப்பு பெல்ட்டை ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் நீ படித்து முடித்துவிட்ட மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

பெல்ட்டே இல்லாவிட்டால் பொறாமை இருக்காது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் சிலம்ப வாத்தியாரிடம் பெல்ட் கிடையாது, ஆனால் மாரியம்மன் பண்டிகையில் யாரை முதலில் இறக்குகிறார் என்று பார்த்து நாங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதுண்டு.

அந்தப் பையன் தேறட்டும். அவனுக்கு ஏன் என்று கேட்காதே, எனக்கு எங்கே குறை என்று உன் சென்செய்யிடம் கேள். பீஸுக்காக இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படித் தெரிந்தால் இடத்தை மாற்று, பயிற்சியை விடாதே.

பொங்கலுக்கு வரும்போது உடுப்பை எடுத்து வா. மாடியில் மலையைப் பார்த்து நிற்பாயே, அதே இடத்தில் நின்று காட்டு. அந்த வலது முட்டியை நான் பார்க்கணும்.

அப்பா