அஞ்செட்டிக் காட்டில் ஆள் இல்லாத காலம் எப்போது இருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் அஞ்செட்டிக் காடும் அடங்கிய காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யானைகள், ஆற்றங்கரை நீர்மருதுகள், சாம்பல் நிற மலை அணில் என்று எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் 'மனிதக் கால் படாத ஆதிக்காடு' என்ற வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசே அறிவித்தது. இரும்பை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். மல்லசந்திரத்தில் பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் நிற்கின்றன, மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் வைத்த நடுகற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இருக்கின்றன. 1792இல் பாராமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, அப்புறம் ரயில் எஞ்சினுக்கு விறகாகவும் தண்டவாளக் கட்டையாகவும் சேலம் மாவட்டத்துக் காடு வெட்டுப்பட்டது, 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் போய்வந்தவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் தப்பி நிற்பதுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் பழங்காடு.

அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. முதிர்ந்த ஆச்சா மரமோ நீர்மருதோ ஒன்று சாய்ந்தால், அதன் பொந்தில் குஞ்சு பொரித்த ஆந்தைக்கும் கிளிக்கும், உயரக் கிளையில் அடை கட்டிய மலைத்தேனீக்கும் நூறு நாற்று நட்டு ஈடுகட்ட முடியாது. பட்டுப்போய் நிற்கும் மரத்தைக்கூட விட்டுவைக்க வேண்டும், மரங்கொத்திக்கு அதுதான் வீடு.

ஆனால் எந்த மரம் ஏன் தப்பியது என்று தெரியாமல் எப்படிக் காப்பது? சாமி இருக்கிறது என்று ஒன்றை விட்டிருப்பார்கள், பட்டிக்கு நிழல் என்று இன்னொன்றை விட்டிருப்பார்கள். ஆலம்பாடி மாடுகளைக் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்த்தவர்களுக்கும் தேனும் நெல்லிக்காயும் எடுத்துவந்த இருளர்களுக்கும் அது தெரியும். பக்கத்தில் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னத் தீ வைப்பது வழக்கம். அதைத் தடுத்த பிறகுதான் வெளிநாட்டுக் களையான உண்ணிச்செடி மண்டியது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த தகடூர்க்காரர்களான நாம் இதைக் காது கொடுத்தாவது கேட்க வேண்டாமா?

எல்லா மாட்டையும் ஆட்டையும் காட்டில் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மந்தை பெருத்தால் கன்று மரம் ஒன்றுகூடத் தலையெடுக்காது, அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சரணாலயத்தில் மேய்ச்சலே கூடாது என்ற 2022 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பட்டிக்காரர்கள் காட்டுக்குள் போவதே குறைந்துவிட்டது, அவர்களோடு அந்தப் பழைய தடங்களும் மறந்துகொண்டிருக்கின்றன. காக்கிச் சட்டையைக் கண்டால் ஊர் வாய் மூடிக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. 1992இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசாரும் ஊர் மக்கள் மேல் நடத்திய வன்கொடுமைக்கு உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்யவே 2023 ஆகிவிட்டது. அந்த பயத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு வனத்துறையுடையதுதான், ஊர்க்காரர்களுடையது அல்ல.

உண்ணிச்செடியை அகற்ற இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால், நாற்று நடக் குழி வெட்டுவதற்கு முன்னால், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து முதுமரம், நடுகல், பழைய கிணறு, பட்டி இருந்த இடம், கோயில் மரம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் கொடுத்திருக்கிறது, அந்த வரைபடத்தை அங்கே வைத்துப் பேசட்டும். அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் வந்தால், அலுவலகத்தோடு நிற்காமல் பெட்டமுகிலாளம் பக்கம் ஏறி அங்கே இருப்பவர்களையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேன்கனிக்கோட்டை