செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கொசு மருந்து, பொங்கல் விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல நடந்தன. மியூசிக்கல் சேர் தகராறைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நம்மை அலையவிட்டது, முனையில் இருந்த பழைய பெட்ரோல் பங்க்தான்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பங்க்கை மூடியபோது கூரையையும் பம்புகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பூமிக்குள் இருந்த இரண்டு டேங்குகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாவது தெரு அம்மா ஒருவர் "கிணத்துத் தண்ணியில மண்ணெண்ணெய் வாடை அடிக்குது தம்பி" என்றபோது, மோட்டாருக்கு விட்ட ஆயிலாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். பிறகு ஒருநாள் அவர் வாளியோடு வந்தார். திண்ணையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தோம். மேலே வானவில் நிறத்தில் ஏடு படர்ந்தது. 2013இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்த செய்தியைப் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

முதல் மாதிரியை மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனோம். ஆய்வகத்தில் வாங்கவே இல்லை. கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். இல்லாவிட்டால் பென்சீன், அதாவது பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருள், வழியிலேயே ஆவியாகிவிடுமாம். நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000இல்தான். நம் பங்க் அதற்கும் முந்தியது. எனவே மண்ணில் ஈயம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னோம்.

ஆகஸ்டில் டேங்குகளைத் தோண்டி எடுத்தார்கள். அடிப்பக்கம் துருவேறிச் சல்லடையாக இருந்தது. அதன் கீழே இருந்த மண் கரும்பச்சை நிறம். கையில் எடுத்த பையன் இரண்டு தடவை சோப்பு போட்டும் வாடை போகவில்லை. அந்த மண் அபாயக் கழிவு என்பதால் தார்ப்பாய் போட்ட லாரிகளில் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போனது. மீதி மண்ணிலிருந்து பெட்ரோல் ஆவியை உறிஞ்சி, கரி நிரப்பிய டிரம் வழியாக வெளியே விடும் இயந்திரம் வைத்தார்கள். அது போடும் சத்தத்தைப் பற்றி வந்த புகார்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. இரவு பத்துக்கு நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள், பெரும்பாலும் நிறுத்துகிறார்கள்.

டிசம்பரில்தான் சிக்கல். மழை முடிந்து எடுத்த மாதிரியில் எண்ணெய்ப் படலமே இல்லை என்று, இடத்தைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர் தரப்பு வேலையை முடித்துக்கொள்ளப் பார்த்தது. நம் உறுப்பினர்களிலேயே சிலர் சரி, விடுங்கள் என்றார்கள். ஆனால் படலம் இல்லை என்பதால் எண்ணெய் போய்விட்டது என்று ஆகாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொள்ளும். மழையில் மட்டம் ஏறினால் அந்த மண் தண்ணீருக்குள் முழுகிவிடும். எண்ணெய் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். கிணற்றில் பார்த்தால் படலம் தெரியாது. மூக்கையும் நம்ப முடியாது. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், வாடை தெரிய அதைப்போலப் பல நூறு மடங்கு வேண்டும். ஆகவே மே மாத மாதிரி பார்க்காமல், வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. ஒப்பந்தக்காரருக்கு இதில் வருத்தம்.

அடுத்தது நம் தவறு. பங்க்கை ஒட்டிய வீடுகளில் போர் மோட்டாரைப் போடவேண்டாம் என்று மூன்று தடவை சுற்றறிக்கை விட்டோம். மோட்டார் ஓடினால் நிலத்தடி நீர் அந்தப் பக்கம் இழுபடும், கலந்திருப்பதும் கூடவே வரும். "செடிக்குத்தானே சார் விடுறேன்" என்கிறார்கள். செடிக்கு விட்டாலும் இழுவை இழுவைதான். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் வாடை போய்விடுகிறது என்பவர்களுக்கு: அது போவது உங்கள் அடுப்பங்கரைக்குள்தான். லாரித் தண்ணீருக்கான செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

சட்ட விஷயம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கேட்கும் 14ஆம் பிரிவுக்கு ஆறு மாதக் கெடு. அது கடிதம் எழுதியே கழிந்துவிட்டது. இழப்பீடும், இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உத்தரவும் கேட்கும் 15ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு இருக்கிறது. வக்கீலிடம் காகிதங்களைக் கொடுத்துவைத்திருக்கிறோம். வாளி கொண்டுவந்த அம்மாவின் கிணறுதான் முதல் சான்று. அதை மூடிவிடாதீர்கள் என்று அவர் மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் மாதிரி எடுக்கும்போது உடனிருந்து பார்க்க இரண்டு பேர் வேண்டும். காலை ஆறு மணிக்கு வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். ஐஸ் பெட்டி என் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்