முந்நூறு டயறிக்கு முன்னால்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
நவம்பர் 9

அன்பின் மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை உன் லொறியிலேயே வந்து சேர்ந்தது. டிரைவர் தம்பி அச்சக வாசலில் நின்று, "அண்ணை உங்கட கையிலதான் குடுக்கச் சொன்னவர்" என்று தந்துவிட்டுப் போனான். வட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டிருந்தாலும் விசயம் முடிந்திருக்கும். நீ இருந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். பொடியன்கள் வீட்டுக்குப் போன பிறகு நானும் மெஷினை நிறுத்திவிட்டு இருந்து எழுதுகிறேன்.

மகளுக்குக் கம்பஸ் கிடைத்ததை வாசித்ததும் மனுசியைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன். பிள்ளை ஆசைப்பட்ட பாடமே கிடைத்திருக்கிறது. எங்கள் இருவர் சார்பிலும் அவளுக்கு வாழ்த்துச் சொல். அம்மாவின் முழங்கால் நோவுக்கு நீ கேட்ட எண்ணெயை வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே ஒரு கிழமையாகப் பின்னேரமானால் மழை. கடதாசி ஈரம் குடித்து இரண்டு தாள் ஒன்றாக மெஷினுக்குள் போகிறது. இந்த மாதம் வந்தால் அதுதான் பாடு.

நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். வருடக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க, உன் லொறிச் சேவையின் பெயரும் படமும் போட்டு 300 டயறி அடிக்க எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தாய். அடிக்கலாம், எனக்கும் அது நல்ல ஓடர். ஆனால் நீ என் சினேகிதன். இருபத்தைந்து வருடமாக மற்றவர்கள் கொடுக்கும் அன்பளிப்புகளை அடித்துக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்லாமல் விலை எழுத எனக்கு மனம் வரவில்லை.

போன தை மாதம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெங்காயக் கடைக்குப் பில் புத்தகம் கொடுக்கப் போனேன். மேசைக்குக் கீழே டயறிகள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. அதில் இரண்டு நான் அடித்தவை. முதுகில் தங்க ஃபொயில் வைக்கப் பொடியன்கள் இரவிரவாக நின்ற டயறி அது. மேலே கணக்கப்பிள்ளை கணக்கு எழுதிக்கொண்டிருந்தது, ஓரம் மடங்கிய ஒரு சீஆர் கொப்பியில். டயறியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அவருக்கு ஒரு நாளில் நூறு வரி வேண்டும். அந்தக் கடைக்கு டயறி அனுப்பிய பதினொரு பேரில் ஒருவர் அந்த மேசையை ஒரு தடவை பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்கும்.

நானும் பார்க்காமல் கொடுத்தவன்தான் மச்சான். அதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன். ஆமர் வீதியில் எங்களுக்கு ஒரு பழைய வாடிக்கையாளர், இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஒரு வருடம் ஆவணியில் அவருடைய தகப்பனார் மோசம் போய்விட்டார். 31ஆம் நாளுக்கான கல்வெட்டை, அதுதான் நினைவுப் புத்தகத்தை, நான்தான் அடித்தேன். ஐயாவின் படத்தை நிறம் சரிவரும்வரை மூன்று தடவை மாற்றினேன். வம்சாவழிப் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான். அவ்வளவு நெருக்கமாக இருந்து வேலை செய்தேன். ஐப்பசி பிறந்தது. கந்தோரில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறதே, அந்தப்படி நாற்பது பேருக்குத் தீபாவளிப் பலகாரப் பெட்டி போனது. மேலே 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று மினுங்கும் எழுத்து. அவர் வீட்டுக்கும் போனது. ஆண்டுத் திவசம் முடியாத வீட்டுக்கு.

அவர் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. இரவு போன் எடுத்தார். "தம்பி, பெட்டி வந்தது. அம்மா பார்க்க முதல் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டன். நீங்கள் குறை நினைக்கக் கூடாது" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் எடுத்திருக்கிறார். அடுத்த நாள் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அவர் எங்களிடம்தான் வேலை தருகிறார். ஆனால் அந்தப் பட்டியலை அன்றைக்கே கிழித்துவிட்டேன். இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம், அதை நானே என் கையால் எழுதுகிறேன். யார் வீட்டில் நல்லது நடந்தது, யார் வீட்டில் கெட்டது நடந்தது, யாருக்குச் சீனி வருத்தம், யார் நோன்பு பிடிக்கிறவர், யார் மச்சம் சாப்பிடாதவர், எல்லாம் அதில்தான்.

எங்கள் ஐயா இப்படிக் கொப்பி எதுவும் வைத்திருக்கவில்லை. அவருக்கு எல்லாம் மனதிலேயே இருந்தது. 83 ஜூலைக் கலவரத்தில் அச்சகம் எரிந்தது உனக்கும் தெரியும். திரும்ப ஒரு பழைய மிதிமெஷினை வாங்கி வைத்துத் தொடங்கியபோது முதல் ஓடர் கொண்டுவந்தவர் மருதானையில் பேக்கரி வைத்திருந்த ஒரு சிங்கள முதலாளி. சின்ன வேலைதான், ஆயிரம் துண்டுப் பிரசுரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, வெற்றிலையில் புதுத் தாள்காசு வைத்து, அவருக்குக் கைவிசேஷம் கொடுக்க ஐயா தானே போவார். யாரிடமும் கொடுத்து அனுப்பியதில்லை. இப்போது அவருடைய மகனிடம் நான் போகிறேன். அவர்கள் வீட்டுப் பலகாரங்கள், கவுமும் கொக்கிஸும், இல்லாமல் எங்கள் வீட்டில் சித்திரை வந்ததில்லை.

இனி, நான் கொடுத்ததிலேயே சரியாகக் கொடுத்தேன் என்று நினைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் சாரிச் சட்டை தைக்கும் ஒரு அக்கா, பில் புத்தகமும் துணியில் தைக்கும் லேபலும் எங்களிடம்தான் எடுப்பார். 2022 மார்ச்சில் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். டொலர் இல்லை, கடதாசி இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லாமல் தள்ளி வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்துக்குப் போனது. கடதாசி இறக்குகிறவர்கள் முழுக் காசையும் முதலில் கேட்டார்கள், விலையோ கிழமைக்குக் கிழமை ஏறியது. ஒருநாள் மத்தியானம் இந்த அக்கா பஸ்ஸில் வந்து இறங்கி, ஆறு மாதத்துக்கு வேண்டியதற்கெல்லாம் காசை மேசையில் வைத்தார். "கடதாசி கிடைக்கிற நேரம் அடிச்சுத் தாங்கோ தம்பி, எனக்கு அவசரமில்லை" என்றார். அந்தக் காசில்தான் அந்த மாதம் இரண்டு பொடியன்களுக்குச் சம்பளம் போட்டேன்.

அந்த வருடம் முடியும்போது அவருக்கு என்ன கொடுப்பது என்று கனநாள் யோசித்தேன். ஒருநாள் லேபல் கொடுக்கப் போன இடத்தில் காத்திருந்தபோது அவருடைய அளவுக் கொப்பி கண்ணில் பட்டது. கோடு போட்ட பழைய கொப்பி, தாள் கழன்று விழாமல் இறப்பர் பட்டி போட்டிருந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, உயரம், தோள், மார்பு, இடுப்பு, கைநீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். பக்கத்தின் கீழ்மூலையில் துணித் துண்டொன்று பின் அடித்திருந்தது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் எழுதும் அதே ஒழுங்கில் கட்டங்களைக் கோத்து, கீழ்மூலையில் துணிக்கு வெறும் பெட்டி விட்டு, மூன்று கொப்பி செய்தேன். பசை போட்டு ஒட்டினால் விரிக்கும்போது மூடிக்கொள்ளும். ஒரு கையில் அளவுநாடா பிடித்திருப்பவருக்குக் கொப்பி தானாக விரிந்து கிடக்க வேண்டும். அதனால் பாகம் பாகமாக நூலால் தைத்து, முதுகுக்குக் கலிக்கோத் துணி ஒட்டினேன். அந்த வேலையை ஐயாவிடம் படித்தது, அதற்கு முன் பத்து வருடமாவது கை வைத்திருக்க மாட்டேன். அச்சகத்தின் பெயரை எங்கேயும் போடவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது முதல் பக்கத்தை விரித்து, கட்டங்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் நின்று, "பின்கழுத்தும் போட்டிருக்கிறீங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் காசோடு வந்து இன்னும் மூன்று கேட்டார். காசை வாங்கவில்லை. வருடம் மூன்று கொப்பி, அது அவருக்கு என் கடமை.

உன் பக்கத்துக்கு வருகிறேன். உன்னிடம் இருப்பது என்னிடம் இல்லை மச்சான். கறுத்தக்கொழும்பான் மாங்காய் காய்க்கும் யாழ்ப்பாண மண்ணில் இருந்துகொண்டு மார்கழியில் டயறி கொடுக்க நினைக்கிறாய்! எல்லாரும் கொடுக்கும் மாதத்தில் நீ கொடுப்பது பன்னிரண்டாவதாகத்தான் போகும். மாம்பழம் வரும் காலத்தில், உன் லொறி விடிய மூன்று மணிக்குப் புறக்கோட்டையில் நிற்கும்போது, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிய பழம் ஒரு பெட்டி இறக்கு. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பது வருடமான முதலாளிமார் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். அந்த வாசம் அவர்களுக்கு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிங்கள, முஸ்லிம் முதலாளிமாருக்கும் அதே பழம்தான், யாருக்கும் பேதம் வேண்டாம். நோன்பு காலமென்றால் மட்டும் பின்னேரம் நோன்பு திறக்க முதல் போய்ச் சேரட்டும். மாம்பழம் இல்லாத மாதத்துக்குப் பனங்கட்டிக் குட்டான் இருக்கிறது, பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடு. சீனி வருத்தக்காரருக்கு வெறும் பெட்டியே போதும். உங்கள் ஊர்ப் பெண்கள் இழைக்கும் மூடிபோட்ட பெட்டிகள் இங்கே எவ்வளவு மதிப்பு என்று அங்கே இருக்கும் உனக்குத் தெரியாது.

பெட்டிக்குள் இரண்டு வரி எழுதி வை. 'நல்வாழ்த்துகள்' என்று நான் அச்சடித்துத் தந்து நீ கையெழுத்துப் போடுகிற விதத்தில் வேண்டாம். மதவாச்சியில் லொறி பழுதாகி வெங்காயம் ஒரு நாள் பிந்தியபோது ஒரு முதலாளி கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை அவருக்கு எழுது. உன் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே வடிவு.

சாமான் இறக்கும் நாட்டாமைமாரை மறக்காதே. உன் மூட்டை கிழியாமல் கடைக்குள் போவது அவர்களின் தோளில். கணக்கப்பிள்ளைக்கு ஏதும் கொடுப்பதென்றால் முதலாளி பார்க்கக் கடையில் வைத்துக் கொடு, வீட்டுக்கு அனுப்பாதே. பில் பாஸ் பண்ணுகிறவருக்குத் தனியாக ஒன்று போனால் அதன் பெயர் வேறு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு தனியார் துறையில் கொடுக்கும் இலஞ்சமும் குற்றம்தான். நீ அரசாங்க ஸ்டோர் ஒன்றுக்கும் ஓடுகிறாய் என்று எழுதியிருந்தாய். அங்கே மாம்பழமும் வேண்டாம், பனங்கட்டியும் வேண்டாம். வேலை ஒழுங்காக நடந்ததற்கு நன்றி என்று ஒரு கடிதம், அதுவும் கந்தோர் விலாசத்துக்கு. ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில் வேறு எவருக்கும்கூட ஒன்றும் கொடுக்காதே. வேலை முடிந்து, காசு வந்து, கணக்குத் தீர்ந்த பிறகு கொடுத்தால்தான் வாங்குகிறவர் நிம்மதியாக வாங்குவார்.

அடிக்கத்தான் வேண்டும் என்றால் எனக்கு ஒரு யோசனை. 300 டயறிக்குப் பதில் 60 சுவர்க் கலண்டர், பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களும் சந்தை பூட்டும் நாட்களும் போட்டு, உன் லொறி கொழும்புக்கு வரும் நாட்களைச் சிவப்பு வட்டமாகக் காட்டுவோம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், கல்லாவில் இருந்தபடி வாசிக்க வேண்டும். உன் பெயரும் போன் நம்பரும் கீழே சின்னதாகப் போதும். நாலாம் குறுக்குத் தெருவில் அது மேசைக்கடியில் போகாது. விலை நீ நினைத்ததில் கால்வாசிகூட வராது.

வெள்ளிக்கிழமை லொறி வரும்போது பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஆளைப் பற்றி உனக்குத் தெரிந்த ஒரு விசயத்தை எழுது. எழுத ஒன்றும் இல்லாத பெயர்கள் இருந்தால், அடுத்த தடவை லொறியில் நீயே ஏறி வா. இரண்டு பேருமாக அந்தக் கடைகளுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டு வருவோம். இரவு எங்கள் வீட்டில் தங்கலாம்.

அம்மாவின் எண்ணெய்ப் போத்தலை டிரைவர் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். மூடி கொஞ்சம் கசிகிறது, நிமிர்த்தி வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் கொட்டாஞ்சேனை நண்பன்